கை குலுக்கும்போது உள்ளங்கையில் ஒரு காயினை வைத்தார். இதற்கு என்ன அர்த்தம்?

சுப்பு சான் அன்டோனியோ:
வணக்கம் மக்களே. ஒரு சின்ன சந்தேகம். இணையத்தில் தேடினால் விற்கிற கடைகள்தான் வரிசையாக வருகின்றன, அதனால் இங்கே கேட்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜன்ட் மேஜர், 26 வருடம் முடித்து அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். போன ஞாயிறு ராத்திரி குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கப் போனபோது எதிரே வந்து கை கொடுத்தார். உள்ளங்கையில் சில்லென்று, கனமாக ஏதோ ஒன்று. ஊரில் பெரியவர்கள் கிளம்பும்போது பிள்ளை கையில் பணத்தை மடித்துத் திணிப்பார்களே, அப்படி ஏதோ காசு கொடுக்கிறார் என்று நினைத்து, "ஐயோ வேண்டாம், வேண்டாம்" என்று அவர் கையிலேயே திருப்பி வைக்கப் போனேன். மனிதர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் விரல்களை மடக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குள் வந்து பார்த்தால் ஒரு வட்டமான பித்தளைக் காயின். நம் பத்து ரூபாய்க் காசைப் போல ஒன்றரை மடங்கு அகலம். ஒரு பக்கம் படைப்பிரிவின் சின்னம், நீலமும் சிவப்புமாக எனாமல். மறுபக்கம் அவருடைய பதவிப் பட்டையும் பெயரும், சுற்றி "சிறப்பான பணிக்கு" என்கிற பொருளில் ஆங்கில எழுத்து. விளிம்பு முறுக்கிய கயிறு மாதிரி இருக்கிறது. பையன் சுற்றி விட்டு விளையாடுகிறான். மனைவி ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டலாம் என்கிறாள். இது விலை உயர்ந்ததா? நான் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

பழைய பூட்ஸ்:
முதலில் அந்த டிரில்லைக் கீழே வையுங்கள். ஓட்டை போடக்கூடாது. போட்டால் அது காயின் இல்லை, சாவி வளையம். பையனிடமிருந்தும் வாங்கி வையுங்கள். ஆபீஸ் முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன்.

வெட்டி ஆபீசர்:
ராணுவத்தில் பாராட்டாகக் கொடுப்பது, சேலஞ்ச் காயின் என்பார்கள். ஈபேயில் குவிந்து கிடக்கிறது, பெரும்பாலானவை பத்து டாலர் பக்கம்தான். சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் விஷயம். அப்புறம், "நாணயம்" என்ற சொல்லை வைத்து யாரும் சிலேடை போட வேண்டாம், முன்கூட்டியே கும்பிடுகிறேன்.

கரூர் டு கலிபோர்னியா:
நாணயமான வேண்டுகோள்.

பழைய பூட்ஸ்:
சரி, வந்துவிட்டேன். நான் 2013-ல் மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவன். தெரியாதவர்களுக்கு: குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களையும், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தால் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தமிழ் தெரியும் என்று சேர்த்தார்களே தவிர உள்ளே போன பிறகு ஒரு நாள்கூட யாரும் என்னைத் தமிழ் பேசச் சொல்லவில்லை, ஸ்டோர் ரூமில் ஸ்பேனர் எண்ணச் சொன்னார்கள். அது வேறு கதை.

சுப்பு அண்ணா, கை குலுக்கும்போது மறைத்துக் கொடுப்பதுதான் அதன் முறையே. மேடை, மைக், ஃபோட்டோ எதுவும் தேவையில்லை. மெடல் வாங்க வேண்டுமென்றால் ஒருவர் பரிந்துரை எழுத வேண்டும், அது நாலு மேசை ஏறி இறங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். காயினுக்குக் காகிதமே கிடையாது. நீ செய்ததை நான் பார்த்தேன் என்று அதே இடத்தில் சொல்கிற வழி. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனீர்கள் பாருங்கள், எனக்கே உடம்பு கூசிவிட்டது!

இன்னொன்று. ராணுவத்தில் காயின் இரண்டு வகையில் வாங்குவார்கள். அரசுப் பணத்தில் அடித்தது என்றால், வேலையில் சிறப்பாகச் செய்த படையினருக்கும் ஊழியருக்கும் பாராட்டாகத்தான் கொடுக்கலாம், நட்புக்காக நினைவுப் பரிசாக அள்ளிக் கொடுக்க விதி இடம் தராது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறார் என்றால் அது அவர் சொந்தக் காசு போட்டு அடித்ததாகத்தான் இருக்க வேண்டும். 26 வருட ஆள் விதியை மீற மாட்டார். அதனால் கேட்கிறேன், அவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

சுப்பு சான் அன்டோனியோ:
ஒன்றும் செய்யவில்லையே! அவர் ஊரில் இல்லாதபோது புல் வெட்டியிருக்கிறேன், இரண்டு தடவை. பார்சல் வாங்கி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முறுக்கு கொடுப்போம், அவர்கள் கிறிஸ்துமஸுக்கு பீக்கன் பை கொடுப்பார்கள்.

பழைய பூட்ஸ்:
புல் வெட்டியதற்குக் காயினா, வாய்ப்பில்லை. ஏதோ இருக்கிறது. யோசியுங்கள்.

காசுப் பித்தன்:
நான் பழைய காசு சேகரிப்பவன், இந்தப் பக்கமும் கொஞ்சம் மேய்ந்திருக்கிறேன். தோற்றக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் பணக்கார வீட்டு அமெரிக்க விமானி ஒருவர் தன் அணியில் எல்லோருக்கும் வெண்கலத்தில் ஒரு வில்லை அடித்துக் கொடுத்தாராம். அணியில் ஒருவன் ஜெர்மானியரிடம் சிக்கினான், அடையாளக் காகிதம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள், கழுத்துப் பையில் கிடந்த வில்லை மட்டும் தப்பியது. தப்பித்துப் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் போனால் அவர்கள் ஒற்றன் என்று சுடப் பார்த்தார்கள். வில்லையைக் காட்டினான், யாரோ சின்னத்தை அடையாளம் கண்டு, சுடுவதற்குப் பதில் ஒயின் பாட்டில் கொடுத்தார்களாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விமானிக்குப் பெயர் கிடையாது, எந்த அணி என்று கிடையாது, ஆவணம் கிடையாது. அசோக வனத்தில் அனுமன் காட்டிய கணையாழி நமக்குத் தெரியாதா, அதே கதைதான் இங்கே விமானம் ஏறி வந்திருக்கிறது. ரோமாபுரிச் சிப்பாய்க்குக் காசு கொடுத்தார்கள், அதுதான் ஆரம்பம் என்று காயின் விற்கிற கடைக்காரர்கள் எழுதுவதையும் நான் சட்டை செய்வதில்லை.

கொஞ்சம் நம்பத் தகுந்தது கொரியப் போர்க் காலம். 17-வது காலாட்படை ரெஜிமென்ட்டின் கர்னல் வில்லியம் க்வின், அவருக்கு பஃபலோ பில் என்று பட்டப்பெயர், காட்டெருமை பொறித்த காயின் அடித்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்தார். அப்புறம் 1969-ல் 10-வது சிறப்புப் படைக் குழு. 80-களின் நடுப்பகுதி வரைக்கும் காயினைத் தொடர்ந்து விடாமல் கடைப்பிடித்தவர்கள் அவர்கள்தான் என்பார்கள். மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் பரவியது அதற்குப் பிறகு. ஆக, ஆதிகாலத்து மரபு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதிக்கு, எனக்குக் கல்யாணமாகி எத்தனை வருடமோ அவ்வளவு வயசுதான்.

வெட்டி ஆபீசர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். 80-களில் பரவிய வழக்கம், இன்றைக்குப் பல் டாக்டர்கூட காயின் கொடுக்கிறார். எங்கள் கம்பெனியில் ஒரு மென்பொருள் வெளியீட்டுக்கு எச்.ஆர். எல்லோருக்கும் ஒரு காயின் கொடுத்தார்கள், ஒரு பக்கம் லோகோ, மறுபக்கம் 'நாம் ஒரே குடும்பம்'. அடுத்த மாதம் குடும்பத்தில் பாதிப் பேருக்கு வேலை போனது. காயின் மட்டும் இன்னும் என் மேசையில் பேப்பர் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நூறு காயினாக ஆர்டர் கொடுத்தால் ஒன்று சில டாலர். துத்தநாகக் கலவையில் பித்தளை முலாம் பூசியும் அடிப்பார்கள். இதில் என்ன மதிப்பைத் தேடுகிறீர்கள்?

பழைய பூட்ஸ்:
வெட்டி, நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். என்னிடமும் முப்பதுக்கு மேல் இருக்கிறது. அதில் பாதி, பெரிய அதிகாரி யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் வரிசையில் நிற்கிறவனுக்கெல்லாம் விசிட்டிங் கார்டு மாதிரி கொடுத்துவிட்டுப் போவது. எந்தக் காயின் யார் கொடுத்தது என்றுகூட மறந்துவிட்டது, ஷூ டப்பாவில் கிடக்கின்றன.

ஒன்று மட்டும் தினமும் பாக்கெட்டில் இருக்கும். குவைத்தில் கேம்ப் ஆரிஃப்ஜானில் இருந்தேன், ஜூலை மாதம். ஒரு ஜெனரேட்டரின் உதிரிப் பாகங்கள் கணக்கில் வரவில்லை. வரவில்லை என்றால் என் மேலதிகாரி தலையில் விடியும், தொகை சின்னதில்லை. மூன்று ராத்திரி கன்டெய்னர் கன்டெய்னராக ஏறி இறங்கினேன், உள்ளே பகல் சூடு ராத்திரியிலும் இறங்காது. மூன்றாம் ராத்திரி இரண்டு மணிக்கு வேறொரு பிரிவின் கன்டெய்னரில், தப்பான சீட்டு ஒட்டிய பெட்டியில் கிடைத்தது. போய்ச் சொன்னேன். என் மேலதிகாரி ஒரு வாரன்ட் ஆபீசர், அப்படியெல்லாம் பாராட்டுகிற ஆள் இல்லை. தனக்கென்று காயின் அடித்து வைத்திருக்கிறவரும் இல்லை. தன் பாக்கெட்டில் கை விட்டு, வேறு யாரோ எப்போதோ அவருக்குக் கொடுத்த காயினை எடுத்து என் கையில் வைத்து, "போய்த் தூங்கு" என்றார். விளிம்பெல்லாம் தேய்ந்து, எனாமல் ஒரு பக்கம் உதிர்ந்து போன காயின். ஈபேயில் போட்டால் மூன்று டாலர்கூடத் தேறாது. விற்கச் சொல்லிப் பாருங்கள் என்னை.

காசுப் பித்தன்:
சந்தை விலையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை வெட்டி சொன்ன விலைதான். ஜனாதிபதி பெயரில் வந்தவை, வியட்நாம் காலத்துச் சிறப்புப் படைக் காயின்கள் நூறைத் தாண்டும், ஆனால் போலி அதிகம். நிறையப் பிரிவுகளில் சின்னமும் வாசகமும் மாறாமல் மறுபடி மறுபடி அடிப்பார்கள், எது பழையது எது புதியது என்று பார்த்ததும் சொல்ல முடியாது.

ஜனாதிபதிகளுக்கும் இதில் பித்து உண்டு. கிளிண்டன் தனக்குப் படையினர் கொடுத்த காயின்களை வெள்ளை மாளிகை அலுவலகத்தில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்தார், அவருடைய அதிகாரபூர்வ ஓவியத்தில்கூடப் பின்னால் அது தெரியும். 2017 கடைசியில் டிரம்ப் தன் காயினை மாற்றியபோது ஒரு சலசலப்பு. முன்பு இருந்ததைவிடத் தடிமன், பொன் நிறம், ஜனாதிபதி முத்திரைக்குப் பதில் வேறொரு கழுகு, நாட்டின் பழைய லத்தீன் வாசகம் போய் அவருடைய தேர்தல் முழக்கம். 2018-ல் வட கொரியாவின் கிம்மோடு டிரம்ப் நடத்தவிருந்த சந்திப்புக்கு முன்கூட்டியே காயின் அடித்துவிட்டார்கள், காயின் வெளியே வந்த வாரமே சந்திப்பு ரத்து என்று அறிவிப்பு. பிறகு சந்திப்பு நடந்தது, அது வேறு. பத்திரிகை அடித்த பிறகு கல்யாணம் நின்ற வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா, அந்த நிலைமை.

மீனா லேக்லண்ட்:
எப்போதும் படித்துவிட்டு மட்டும் போகிறவள், இதற்கு எழுதத் தோன்றியது. என் மகள் விமானப்படையில் இருக்கிறாள். டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் லேக்லண்ட் என்கிற தளத்தில்தான் அவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி. பயிற்சி முடிகிற வரைக்கும் அவர்களை 'ட்ரெய்னி' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி வாரம் காயின் சடங்கு என்று ஒன்று. மைதானத்தில் வரிசையாக நிற்கிறார்கள், அதுவரை கத்திக்கொண்டே இருந்த பயிற்றுநர் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கிக் காயினைக் கொடுக்கிறார். அந்த நிமிஷத்திலிருந்து அவர்கள் 'ஏர்மேன்'. பெண் பிள்ளைக்கும் அதே பெயர்தான்.

அதற்குப் பிறகு இன்னொன்று உண்டு. குடும்பத்திலிருந்து யாராவது வந்து தோளைத் தொடும் வரை அவர்கள் அசையக் கூடாது. நாங்கள் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது, எல்லோரும் ஒரே உடுப்பு, ஒரே கொண்டை. அவள் அப்பாவே இரண்டு தடவை அவளைக் கடந்து போயிருக்கிறார்! பக்கத்தில் நின்ற பிள்ளைகளெல்லாம் கட்டிப் பிடித்து அழுகிறார்கள், இவள் மட்டும் நேராக முறைத்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கவும் கையைத் தூக்கவில்லை. வலது கை மட்டும் இறுக்கி மூடியிருந்தது. தொட்ட பிறகு விரலைப் பிரித்துக் காட்டினாள், காயின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து சிவந்திருந்தது.

அந்தக் காயின் இப்போது காரைக்குடியில் இருக்கிறது. லீவில் போனபோது ஆச்சியிடம் கொடுத்துவிட்டாள். ஆச்சி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் கடையில் மாத்த முடியுமா?" என்று கேட்டார்கள். முடியாது என்றதும், "அப்படின்னா செலவாகாது, நல்லது" என்று சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்கள். என் கேள்வி, பெற்ற காயினை அவள் இன்னொருவருக்குக் கொடுத்தது தப்பா?

பழைய பூட்ஸ்:
தப்பே இல்லை அக்கா. அப்பா அம்மாவுக்குக் கொடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஆச்சியின் சுருக்குப் பை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் குறைந்தது இல்லை.

கரூர் டு கலிபோர்னியா:
நடுவில் என் கேள்வி. என் மேனேஜர் கடற்படையில் இருந்தவர், மார்ச்சில் ஓய்வு. டீம் சார்பில் அவர் இருந்த கப்பலின் சின்னம் போட்டுக் காயின் அடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. பதினைந்து பேர் காசு போடத் தயார். எப்படி?

காசுப் பித்தன்:
சின்னத்தை இஷ்டத்துக்கு அடிக்க முடியாது, படைகளின் சின்னங்களுக்கு உரிமை விதிகள் உண்டு. நல்ல தயாரிப்பாளர் முதலிலேயே கேட்பார், கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள். அதோடு அச்சுக்குத் தனிக் கட்டணம், குறைந்தது இவ்வளவு எண்ணிக்கை என்று நிபந்தனை. ஒன்று வேண்டும் என்று போய் மீதியை என்ன செய்வீர்கள்?

பழைய பூட்ஸ்:
சின்ன விஷயம்தான், ஆனால் அழுத்திச் சொல்கிறேன்: அவர் இருந்த கப்பலின் காயினை அந்தக் கப்பலில் இல்லாத நீங்கள் கொடுத்தால் அவர் சிரித்து வாங்கிக்கொள்வார், மனசில் ஒட்டாது. அதற்குப் பதில் காயின் அடுக்குகிற மரத்தட்டு வாங்கிக் கொடுங்கள், வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். கடற்படையில் இருந்தவர் என்றால் எங்காவது டப்பாவில் காயின்கள் கட்டாயம் கிடக்கும், வீட்டில் எடுத்து அடுக்குவார். காயின்தான் கொடுப்போம் என்றால் உங்கள் டீமின் காயின் அடியுங்கள், நீங்கள் சேர்ந்து செய்த வேலை அதில் இருக்கட்டும். பதினைந்து பேருக்கும் ஆளுக்கு ஒன்று. அது பொய் இல்லை.

வெட்டி ஆபீசர்:
'நாம் ஒரே குடும்பம்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

வெலிங்டன் ஓய்வு:
இந்திய ராணுவத்தில் 17 வருடம். எங்களுக்குப் பிரிவுபசாரம் என்றால் மர ஷீல்டு, பித்தளைச் சின்னம். வீட்டில் பதினொன்று இருக்கிறது, தூசி துடைக்கவே ஓர் ஆள் வேண்டும். இப்போது காயின் இங்கேயும் வந்துவிட்டது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம், நல்ல ஏற்பாடு.

பழைய பூட்ஸ்:
ஐயா வணக்கம். சுப்பு அண்ணா, ஓர் எச்சரிக்கை. காயின் வாங்கியவர் அதை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். கொடுத்தவரோ வேறு யாருமோ தன் காயினை மேசையில் தட்டினால் அதுதான் சேலஞ்ச், எல்லோரும் எடுத்துக் காட்ட வேண்டும். எடுக்க நாலு எட்டு நடக்கலாம், அதற்கு மேல் கிடையாது. இல்லாதவன் எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும். எல்லோரும் காட்டிவிட்டால் தட்டியவன் செலவு. தெரியாமல் கை தவறிக் கீழே விழுந்து சத்தம் வந்தாலும் தட்டியதாகத்தான் கணக்கு, அதனால் ஜாக்கிரதை. இடத்துக்கு இடம் விதி கொஞ்சம் மாறும்.

மீனா லேக்லண்ட்:
விளையாட்டு ஒரு பக்கம். இதே காயினைக் கல்லறையிலும் வைக்கிறார்கள். ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை மகளோடு போனேன், வெள்ளைக் கற்களின் மேல் அங்கங்கே சில்லறையும் இரண்டொரு சேலஞ்ச் காயினும் இருந்தன. 2009 நவம்பரில் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோது, அஞ்சலிக் கூட்டத்தில் இறந்தவர்கள் நினைவாக வைத்திருந்த ஒவ்வொரு ஜோடி பூட்ஸ் முன்னாலும் ஒபாமா தன் காயினை வைத்துவிட்டுப் போனார், டிவியில் பார்த்தேன். கை குலுக்கிக் கொடுக்க ஆள் இல்லை, அதனால் அங்கே வைக்கிறார்கள்.

சுப்பு சான் அன்டோனியோ:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று அவர் வீட்டுப் பின்கட்டில் ஓய்வு விருந்து. பிரிஸ்கெட் என்கிற மாட்டிறைச்சி அவர்களுக்கு, எங்களுக்கு என்று தனியாகச் சோளம் சுட்டு வைத்திருந்தார். பழைய பூட்ஸ் சொன்னது மண்டையிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் நேராகவே கேட்டுவிட்டேன், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ரசம்" என்றார். 'ர'வை உருட்டி, "ராஸம்".

2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்துபோனதே, கரண்ட் இல்லாமல் நாள் கணக்கில். அவர் அப்போது வேலையாக வெளியூரில், வீட்டில் எண்பது தாண்டிய அவருடைய அம்மா, அவர் மனைவி. அவர்கள் வீட்டில் எல்லாமே கரண்ட் அடுப்பு. எங்களுடையது கேஸ், தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்தோம். மூன்று நாள் இரண்டு வேளையும் ஃபிளாஸ்க்கில் சூடாக ரசமும் குழைந்த சாதமும் கொண்டு போய்க் கொடுத்தோம். கொடுத்தோம் என்ன, என் மனைவி செய்தாள், நான் பனியில் வழுக்காமல் எடுத்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான் என் பங்கு. எனக்குச் சுத்தமாக மறந்தே போய்விட்டது. அவர் அம்மா அடுத்த வருடம் தவறிவிட்டார்கள். கடைசி வரை அந்த 'மிளகு சூப்'பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

"அப்படியென்றால் காயின் என் மனைவிக்குத்தான் சேர வேண்டும்" என்றேன். உடனே பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்த அவளிடம் போய்க் கை நீட்டினார். அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, நான் ஏற்கனவே பாடம் எடுத்திருந்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், தன் காயினை மேசையில் டொக்கென்று தட்டினார். சுற்றி இருந்த அத்தனை பேரும் பாக்கெட்டில் கை விட்டார்கள். என் மனைவி புதுக் காயினைக் காட்டிவிட்டாள். என்னுடையது பூஜை அறையில், வெள்ளி லட்சுமிக் காசுக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு இருக்கிறது. எங்கள் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். நாலு எட்டுக்கு மேல்.

அவர் குடிப்பதில்லை, ரூட் பீர்தான், பெயரில் மட்டும்தான் பீர், சோடா மாதிரி ஒரு குளிர்பானம். பதினான்கு பேருக்கு 31 டாலர்.

பழைய பூட்ஸ்:
குங்குமத்தைத் துடைக்காதீர்கள். பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.